முதுகில் மட்டும் வைத்துக் கேட்டோம்

போன மாதம் காய்ச்சலோடு நான்கு நாள் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையை எடுத்துப் பார்த்தேன். காய்ச்சலையும் நாடியையும் ஒழுங்காகக் குறித்திருந்தார்கள். மூச்சு மட்டும் எல்லா வேளைக்கும் இருபது. சந்தேகம் வந்து, எழும்பக் கூடாது என்று சொல்லியிருந்தும் எழும்பிப் போய்ப் பக்கத்துக் கட்டில்களின் அட்டைகளையும் வாசித்தேன். ஆறு கட்டில், ஆறு பேருக்கும் இருபது. அவர்களில் ஒருவர் இழுப்புக்காரர். இரண்டு கைகளையும் கட்டில் விளிம்பில் ஊன்றி, தோள் ஏறி இறங்க உட்கார்ந்திருந்தார். அவருக்கும் இருபது. என் மணிக்கூட்டை வைத்து எண்ணினேன். முப்பத்தாறு.

மருந்து கொடுக்க வந்த தாதிப் பெண்ணிடம், "பிள்ளை, இந்த மூச்சை ஆர் எண்ணினது?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் இருபதுதானே போடுவோம், தாத்தா. அப்பிடித்தான் காட்டிக் குடுத்தாங்க," என்றாள். பிறகு, "நீங்க எந்திரிச்சு நடந்தத பெரிய மிஸ்கிட்ட சொல்லட்டுமா?" என்று சிரித்தாள்.

போய்ப் படுத்துக்கொண்டேன்.

புதிதாக மருத்துவ வேலைக்கு வந்திருக்கிற உங்களுக்குப் பழைய அனுபவம் ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். கொலரா, மலேரியா பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதையெல்லாம் எழுத ஆட்கள் இருக்கிறார்கள். நான் மூச்சைப் பற்றி எழுதுகிறேன். மூச்சு வாங்குகிற ஒரு பெண்ணை மூன்று மாதம் வைத்துப் பார்த்து, அவளுடைய நுரையீரலையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம். நோய் அங்கே இல்லை.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். கண்டிக்கு வடக்கே, கட்டுகஸ்தோட்டைக்கு அப்பால் இருந்த ஒரு சிறிய அரச ஆஸ்பத்திரியில் நான் அப்போதிக்கரியாக இருந்தேன். அப்போதிக்கரி என்றால் முழு டொக்டரும் அல்ல, வெறும் மருந்து கலக்கிறவனும் அல்ல. டொக்டர் இருக்கும்போது அவர் சொன்னதைச் செய்வோம். அவர் இல்லாதபோது, இருந்தால் என்ன செய்திருப்பார் என்று யோசித்து அதைச் செய்வோம். இரண்டாவதில்தான் தலைமயிர் நரைத்தது.

எங்கள் டொக்டர் கெட்டிக்காரர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் அவரை மடையர் என்று நினைக்கிறார்கள். அவர் சயரோகம் என்கிற காசநோயை அறைக்கு வெளியே நின்று இருமலைக் கேட்டே கண்டுபிடிப்பார். பத்தில் ஒன்பது முறை சரியாக இருக்கும்.

அந்தப் பக்கத்தில் பெண்களைப் பரிசோதிக்க ஒரு வழக்கம் இருந்தது. மடவளையிலும் சுற்றுப்புறத்திலும் முஸ்லிம் வீடுகள் அதிகம். வீட்டுக்குப் போனால், உள்அறை வாசலில் ஒரு வெள்ளைத் துணி தொங்கும். நோயாளி துணிக்கு அந்தப் பக்கம், எங்களுக்கு முதுகு காட்டி உட்காருவாள். தாயோ மாமியோ பக்கத்தில் நின்று துணியைக் கொஞ்சம் விலக்கிப் பிடிப்பார். நாங்கள் குழாயை, அதாவது ஸ்டெதஸ்கோப்பை, சட்டைக்கு மேலாக முதுகில் வைத்துக் கேட்போம். மூச்சை இழுக்கச் சொல்வோம், விடச் சொல்வோம். நாடி பார்க்கக் கை ஒன்று துணிக்கு வெளியே வரும். அவ்வளவுதான். பழகிப் பழகி, ஆஸ்பத்திரிக்கு வருகிற சிங்களப் பெண்களையும் தேயிலைத் தோட்டத்துப் பெண்களையும்கூட நாங்கள் அப்படியே பார்க்கத் தொடங்கியிருந்தோம். முதுகைத் திருப்பு, மூச்சை இழு, விடு. அவர்களும் மறுப்புச் சொல்லவில்லை. எங்களுக்கும் வசதி.

முதுகில் வைத்தால் நுரையீரல் நன்றாகக் கேட்கும். இதயம் கேட்காது. கேட்டாலும், பக்கத்து வீட்டில் யாரோ பேசுகிற மாதிரித்தான் கேட்கும். இதை நாங்கள் இருவரும் படித்திருந்தோம், பரீட்சையிலும் எழுதியிருந்தோம்.

சுபைதா என்று அவளை அழைக்கிறேன். அது அவளுடைய பெயர் அல்ல. மடவளைப் பெண். வயது இருபத்திரண்டு. கம்பளையில் புடவைக் கடை வைத்திருந்த ஒருவருக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தலைப் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்தவள், பெண் குழந்தை பிறந்த பிறகும் கம்பளைக்குத் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. பிரசவத்துக்கு முன்பே படி ஏறினால் மூச்சு வாங்கியது. பிரசவத்துக்குப் பிறகு உட்கார்ந்த இடத்தில் வாங்கியது. இருமல் வந்தது. குழந்தைக்கு ஐந்து மாதமானபோது ஒரு நாள் சளியில் இரத்தம் வந்தது.

டொக்டர் போனார். நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். துணி தொங்கியது. முதுகில் வைத்துக் கேட்டார். இரண்டு பக்கமும் நுரையீரலின் அடிப்பாகத்தில், காதருகே தலைமயிரை விரலால் உருட்டினால் வருகிற மாதிரி ஒரு மெல்லிய நொறுநொறுப்பு. என்னையும் கேட்கச் சொன்னார். தெளிவாகவே இருந்தது. பிரசவத்துக்குப் பிறகு மெலிவு, இருமல், சளியில் இரத்தம், நுரையீரலில் சத்தம். அந்தக் காலத்தில் இந்த நான்கையும் யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான் வரும். பிரசவம் முடிந்ததும் சயரோகம் பாய்ந்து வரும் என்று எல்லாருக்கும் தெரியும்.

அன்றைக்கே குழந்தையைப் பிரித்துவிடச் சொன்னார். அது சரியான கட்டளை, சயரோகமாக இருந்தால். கணவனின் மூத்த சகோதரி கம்பளையிலிருந்து வந்து குழந்தையைத் தூக்கிப் போனாள். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் கெட்டவள் அல்ல, குழந்தையை நன்றாக வளர்த்தாள். அதுதான் சுபைதாவை அதிகம் பயமுறுத்தியது என்று பின்னால் தெரிந்தது.

மருத்துவம் அந்தக் கால வழக்கப்படி. மல்லாந்து அசையாமல் படுக்கை. யன்னல் திறந்திருக்க வேண்டும். முட்டை, பால், உப்புப் போட்ட ஆட்டுக்கால் சூப் இரண்டு வேளை. மீன் எண்ணெய். வாரம் ஒரு முறை நான் போய்க் கல்சியம் ஊசி போட வேண்டும்.

ஊசி போடப் போகும்போதெல்லாம் நான் மூச்சை எண்ணுவேன். எனக்கு அது ஒரு பழக்கம், நோய் என்றும் சொல்லலாம். கோயிலுக்குப் போனால் தூண்களை எண்ணுவேன், ரயிலில் போனால் பாலங்களை எண்ணுவேன். சுபைதாவின் மூச்சு முதல் வாரம் இருபத்தாறு. மூன்றாம் வாரம் முப்பது. மருத்துவம் ஒழுங்காக நடக்கிறது, மூச்சு ஏறுகிறது. இது எனக்குப் பிடிக்கவில்லை.

ஐந்தாம் வாரமோ ஆறாம் வாரமோ, தாய் என்னிடம் முறைப்பாடு செய்தார். மகள் சொல்வதைக் கேட்பதில்லையாம். டொக்டர் மல்லாந்து படுக்கச் சொன்னால், இவள் எல்லாரும் தூங்கிய பிறகு எழும்பி, சுருட்டிய பாயையும் தலையணைகளையும் சுவரோடு அடுக்கி அதில் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறாளாம்.

"எத்தனை தலையணை?" என்று கேட்டேன்.

"முந்தி ரெண்டு. இப்ப நாலு வெச்சும் ஏலா எண்டு சொல்லிய. நீங்கதான் ஐயா ஏசோணும் இவளுக்கு."

துணிக்கு அந்தப் பக்கமிருந்து சுபைதா, "படுத்தா தண்ணிக்குள்ள அமுக்கின மாதிரி ஈக்கி, உம்மா. நீங்க ஒரு நாளைக்குப் படுத்துப் பாருங்களே," என்றாள். ஈக்கி என்றால் அவர்கள் பேச்சில் இருக்கிறது. தாய், இப்படித்தான் வாய்க்கு வாய் பேசுகிறாள் என்று என்னிடம் சொன்னார். நான் படுக்கச் சொல்லி எண்ணினேன், முப்பத்திரண்டு. உட்காரச் சொல்லி எண்ணினேன், இருபத்தைந்து. மறுபடியும் படுக்கச் சொன்னேன். மறுபடியும் அதே.

நான் ஏசவில்லை. உட்கார்ந்தே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆஸ்பத்திரிக்கு வந்து டொக்டரிடம் சொன்னேன். நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசுவோம். படுத்தால் மூச்சு ஏறுகிறது, நிமிர்ந்தால் இறங்குகிறது, மாலைக் காய்ச்சல் ஒரு நாளும் இல்லை, சளியைக் கண்டிக்கு அனுப்பியதில் கிருமி இல்லை, சத்தம் நுரையீரலின் உச்சியில் இல்லாமல் அடியில் இருக்கிறது என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். சளியை ஒரு முறை பார்த்தது போதாது என்றார். அது உண்மை. பிரசவத்துக்குப் பின் வருகிற சயரோகம் நுரையீரல் முழுவதும் பரவும் என்றார். அதுவும் உண்மை. இதயத்தை ஒரு முறை முன்னால் வைத்துக் கேட்டால் என்ன என்று கேட்டேன். அந்த வீட்டில் அதை எப்படிக் கேட்பாய் என்று திருப்பிக் கேட்டார். எண்ணிக்கைப் பைத்தியம் உனக்கு என்று சொல்லிவிட்டு, கொழும்புப் பக்கத்துச் சயரோக ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒரு கட்டில் கேட்டு எழுதியிருப்பதாகச் சொன்னார்.

கட்டில் கிடைத்தது. அங்கே போகிறவர்கள் திரும்புவது குறைவு என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். குழந்தை கம்பளையில்தான் வளரும் என்று கணவன் வீட்டில் முடிவாகிவிட்டது. வளர்க்கிறவளையே அது உம்மா என்று கூப்பிடப் பழகட்டும், பிறகு குழப்பம் இருக்காது என்று அவர்கள் பேசிக்கொண்டதும் மடவளைக்கு வந்து சேர்ந்தது.

புறப்பட வேண்டிய நாள் காலையில் டொக்டர் கண்டியில் ஒரு வழக்கில் சாட்சி சொல்லப் போயிருந்தார். ஆஸ்பத்திரியில் நானும் ஒரு தாதியும். ஒன்பதரை மணியளவில் ஒரு வாடகைக் கார் முற்றத்தில் வந்து நின்றது. பின்ஆசனத்தில் சுபைதாவை நீட்டிப் படுக்க வைத்திருந்தார்கள்.

நடந்தது இதுதான். கணவனின் சகோதரி, போகிறவள் கடைசியாக ஒரு முறை பார்க்கட்டும் என்று குழந்தையைக் கொண்டுவந்திருக்கிறாள். கிட்டே விடக் கூடாதென்று சொல்லியிருந்ததால், அதைக் கையில் வைத்துக்கொண்டு தெருவிலேயே நின்றிருக்கிறாள். வீடு மேட்டில். வீட்டு வாசலிலிருந்து தெருவுக்குச் சரிவான படிகள். சுபைதா மேலே நின்று பார்த்தவள், தாயின் கையை உதறிவிட்டுப் படிகளில் இறங்கி ஓடியிருக்கிறாள். கீழே போய்ச் சேருவதற்குள் மூச்சு அடைத்து, வாயில் நுரை வந்துவிட்டது. இரத்தம் கக்கினால் அசையாமல் படுக்க வைக்க வேண்டும் என்று நாங்களே சொல்லிக் கொடுத்திருந்தோம். அவர்கள் அப்படியே செய்திருந்தார்கள்.

நான் பார்த்தபோது உதடு நாவற்பழ நிறம். மூக்கிலும் வாயிலும் இளஞ்சிவப்பு நுரை. நெஞ்சுக்குள் கொதிக்கிற கேத்தலைப் போல ஒரு சத்தம், வாசலிலிருந்தே கேட்டது. மூச்சு ஐம்பதைத் தாண்டியிருந்தது. நாடி விரலில் நிற்கவில்லை.

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். சயரோகத்தில் நுரையீரல் நாளம் வெடித்து இரத்தம் வந்தால், படுக்க வைத்து, நெஞ்சில் ஐஸ் வைத்து, ஒரு துளி இரத்தமும் வீணாகாமல் பார்க்க வேண்டும். இது இதயத்தால் வந்ததென்றால் செய்ய வேண்டியது நேர் எதிர். நிமிர்த்தி உட்கார வைத்து, காலைத் தொங்கவிட்டு, கையில் நாளத்தைத் திறந்து இரத்தத்தை எடுத்து வெளியே விட வேண்டும். ஒன்றுக்குரிய மருத்துவத்தை மற்றதற்குச் செய்தால் ஆளைக் கொன்றுவிடலாம். இரண்டுக்கும் நடுவில் நின்று கொஞ்சம் அது, கொஞ்சம் இது என்று செய்ய வழியில்லை. டொக்டர் வர மத்தியானமாகும்.

முதலில் நிமிர்த்தினேன். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. கைப்பிடி வைத்த கதிரை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி அதில் உட்கார வைத்தேன். சத்தம் ஒரு சொட்டுக் குறைந்த மாதிரி இருந்தது. அல்லது குறைய வேண்டும் என்று நான் நினைத்ததால் அப்படித் தோன்றியிருக்கலாம். அதை நம்பி நாளத்தை வெட்ட முடியாது.

தாயிடம் சொன்னேன்: "அம்மா, நான் முன்னுக்குக் கேக்க வேணும். முதுகிலை கேட்டுக் காணாது."

அவர் மகளின் முந்தானையை இன்னும் இழுத்து மூடினார். "எங்கட ஆக்கள்ள அது செய்யிற இல்ல, ஐயா. ஒங்களுக்குத் தெரியும்தானே."

"ஓம், தெரியும். நான் தொடமாட்டன். நீங்கள் கையை வையுங்கோ. இடப்பக்கம், மார்புக்குக் கீழை. உள்ளங்கையைப் பதிச்சு வையுங்கோ. நான் சுவரைப் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

சுபைதாவால் பேச முடியவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். தாயின் மணிக்கட்டைப் பிடித்து, தானே முந்தானைக்கு உள்ளே இழுத்துக்கொண்டாள் என்று தாதி பிறகு சொன்னாள்.

"என்ன தெரியுது, அம்மா?"

"அடிக்கிது."

"அடி மட்டுமா?"

"இல்ல. தையல் மிசின் மிதிக்கக்குள்ள பலகேல கை வெச்ச மாதிரி ஈக்கி. உள்ளுக்கு நடுங்கிது."

குழாயின் நுனியை அவரிடம் பின்பக்கமாகக் கொடுத்தேன். கை இருந்த அதே இடத்தில் அவரே வைத்துப் பிடித்தார். நான் சுவரைப் பார்த்தபடி காதில் மாட்டினேன். அந்தக் கொதிப்புச் சத்தத்துக்கு நடுவில் ஒன்றும் கேட்காது என்று பயந்தேன். முதல் ஒலி கேட்டது. கதவை அறைந்து சாத்துகிற மாதிரி, உரக்க. அதற்கு முன்னால் ஓர் உருளல், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் ரயில் போகும்போது ஆற்றின் இக்கரையில் காலுக்கடியில் வருமே, அதைப் போல. எங்கள் டொக்டரே இரண்டு வருடத்துக்கு முன்னால் மூட்டை சுமக்கிற ஒருவனின் நெஞ்சில் இதை எனக்குக் காட்டியிருந்தார். ஒரு முறை கேட்டவன் மறக்க மாட்டான்.

இதயத்தின் இடப்பக்கத்தில், மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இரண்டு இதழுள்ள ஒரு வால்வு இருக்கிறது. நுரையீரலில் இருந்து வருகிற இரத்தம் அதன் வழியாகத்தான் இறங்க வேண்டும். சிறு வயதில் மூட்டுவாதக் காய்ச்சல் கண்டால் சிலருக்கு அந்த இதழ்கள் ஒட்டித் தடித்து, வாசல் ஒரு பொத்தான் துளையளவுக்குச் சுருங்கிவிடும். வாசல் சிறுத்தால் இரத்தம் பின்னுக்குத் தேங்கும். தேங்குகிற இடம் நுரையீரல். அங்கே மெல்லிய நாளங்கள் வீங்கி, நீர் கசிந்து, காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் நிற்கும். நுரையீரல் நனைந்த பஞ்சைப் போலக் கனத்து விரிய மறுக்கும். தண்ணீர் அடியில் நிற்பதால் அடியில்தான் நொறுநொறுக்கும். படுத்தால் கால்களிலிருந்து வருகிற இரத்தமும் சேர்ந்துகொள்ளும், தண்ணீர் முழுவதும் பரவும். நிமிர்ந்தால் இறங்கும். சில நாளங்கள் வெடித்துச் சளியில் இரத்தம் காட்டும். பிரசவகாலத்தில் உடலில் இரத்தம் கூடுவதால் எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வரும். நாடி வேகமாக ஓடினால், அந்தச் சிறிய வாசலால் இறங்க இரத்தத்துக்கு நேரமே கிடைக்காது. குழந்தையைப் பார்க்க ஓடியவளுக்கு நடந்தது அதுதான். நுரையீரல் இதில் ஒரு பாவமும் செய்யவில்லை. வெள்ளம் வந்த வீடு அது, அவ்வளவே.

மோர்பின் ஊசி போட்டுவிட்டு, கத்தியையும் அளவு ஜாடியையும் எடுத்து வைக்கத் தாதியிடம் சொன்னேன். அப்போதுதான் கணவனின் சகோதரி உள்ளே வந்தாள். குழந்தையை வெளியே காரில் யாரிடமோ கொடுத்திருந்தாள். வாயைத் துணியால் மூடியிருந்தாள்.

"ரத்தம் துப்புற புள்ளேட ரத்தத்த நீங்க இன்னமும் எடுக்கப் போறீங்களா? டொக்டரு வரட்டும். மௌத்தாப் போனா ஆரு பதில் சொல்லுற?"

நியாயமான கேள்வி. என் வாழ்க்கையில் அதைவிட நியாயமான கேள்வியை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

"நான்தான்," என்றேன்.

தாய் மகளின் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டார்.

இதைத் தைரியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வெட்டத் துணிந்தது தைரியத்தால் அல்ல. படுத்தால் முப்பத்திரண்டு, உட்கார்ந்தால் இருபத்தைந்து என்று பல வாரமாகத் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. தாய் சொன்ன நடுக்கம் இருந்தது. என் காதில் விழுந்த உருளல் இருந்தது. மூன்றும் ஒரே பக்கம் கை காட்டின. இரண்டு மட்டும் இருந்திருந்தால் வெட்டியிருப்பேனா என்று இன்றைக்கும் தெரியாது.

ஒரு பைந்துக்குக் கொஞ்சம் குறைவாக, அரை லீட்டர் அளவுக்கு எடுத்தேன். கறுத்த இரத்தம், தடிப்பாக வந்தது. பாதி ஜாடி நிறையும்போது மூச்சு ஐம்பத்திரண்டு. முக்கால் வந்தபோது நாற்பத்தாறு. கட்டுப் போட்டு முடிக்கும்போது நாற்பது. நுரை நின்றது. கொதிப்புச் சத்தம் நெஞ்சின் மேற்பகுதியிலிருந்து மெல்ல மெல்லக் கீழே இறங்கியதை முதுகில் குழாய் வைத்துப் பின்தொடர்ந்தேன். முதுகுக்கும் அன்றைக்கு ஒரு பயன் இருந்தது. பத்தரை மணிக்கு உதட்டில் நிறம் வந்தது. அவள் சொன்ன முதல் வார்த்தை, "புள்ள எங்க?" காரில் இருக்கிறது என்று தாய் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டாள்.

டொக்டர் மத்தியானத்துக்குப் பிறகு வந்தார். சயரோகக்காரிக்கு நான் இரத்தம் எடுத்த செய்தி வாசலிலேயே அவருக்குக் கிடைத்துவிட்டது. முகம் சிவந்துதான் உள்ளே வந்தார். என்னை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் முதலில் நோயாளியைப் பார்த்தார், பிறகு ஜாடியைப் பார்த்தார், பிறகு என்னிடம் கணக்குக் கேட்டார். சொன்னேன். தாயிடம் அனுமதி கேட்டு, அதே மாதிரி அவர் கையாலேயே குழாயை வைக்கச் சொல்லி, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கேட்டார். நீண்ட நேரம் கேட்டார்.

பிறகு தாயிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: சின்னப் பிள்ளையாக இருந்தபோது மூட்டு வீங்கிக் காய்ச்சலாகக் கிடந்தாளா?

"பத்து வயசுல கெடந்த. முழங்கால் ரெண்டும் வீங்கி, தூக்கித்தான் வெளிய கொண்டு போற. ஓதிப் பாத்து, எண்ண பூசிச் சொகமாப் போச்சி."

மூன்று மாதத்தில் நாங்கள் இதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

டொக்டர் என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில், "இவ்வளவு நாளும் நான் இந்தப் பெண்ணின் முதுகோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்," என்றார். அடுத்த முறை என் நோயாளியை வெட்டுவதற்கு முன்னால் கண்டிக்கு ஆள் அனுப்பு என்றும் சொன்னார். ஆள் போய் வருவதற்குள் வெட்ட நோயாளி இருந்திருக்க மாட்டாள் என்றேன். அதுவும் சரிதான் என்று சொல்லிவிட்டு, சயரோக ஆஸ்பத்திரிக்கென்று அவர்களிடம் கொடுத்திருந்த கடிதத்தைத் தாமே வாங்கிக் கிழித்தார். சூப்பையும் உப்பையும் நிறுத்தி, டிஜிட்டாலிஸ் என்ற இதய மருந்தை எழுதினார். சளியை இன்னும் மூன்று முறை கண்டிக்கு அனுப்பினார். மூன்றிலும் கிருமி இல்லை. அவர் அப்படிப்பட்டவர். தம்மைத் திருத்தும்போதும் ஒரு முறை பார்த்தது போதாது என்பார்.

அன்று முதல் அந்த ஆஸ்பத்திரியில் வழக்கத்தை மாற்றினோம். எந்தப் பெண் மூச்சு வாங்குகிறது என்று வந்தாலும், கூட வந்த பெண்ணின் உள்ளங்கை முதலில் நெஞ்சுக்குப் போகும். பிறகு அவள் கையாலேயே குழாய். நாங்கள் சுவரைப் பார்ப்போம். ஒரு வீட்டில்கூட மறுக்கவில்லை. அதற்கு முன்னால் நாங்கள்தான் ஒரு நாளும் கேட்டுப் பார்க்கவில்லை. வழக்கம் என்று நாங்கள் சொல்லிக்கொண்டதில் அவர்களுடையது எவ்வளவு, எங்கள் சோம்பல் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க எனக்கு இன்றைக்கும் முடியவில்லை.

நோய் மாறிச் சுகமானதா என்று கேட்பீர்கள். இல்லை. இப்போது நெஞ்சைத் திறந்து விரலை விட்டு அந்த வால்வை விரிக்கிறார்களாம். அப்போது டிஜிட்டாலிஸும் ஓய்வும்தான். சுபைதா அதற்குப் பிறகு எட்டு வருடம் இருந்தாள். முதல் ஐந்து வருடம் நல்ல வருடங்கள். கடைசி மூன்றும் நல்லவை அல்ல.

அவளை வீட்டுக்கு அனுப்பிய நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். டொக்டர் எல்லாரையும் கூப்பிட்டுப் பேசினார். கணவனும் கம்பளையிலிருந்து வந்திருந்தார். இது தொற்றாது, குழந்தை தாயோடு இருக்கலாம், ஒரே பாயில் படுக்கலாம் என்றார். இனிக் குழந்தை பெறக் கூடாது, மேட்டு வீட்டில் இருக்கக் கூடாது, உப்புக் கூடாது, இது முழுதாக மாறுகிற நோய் அல்ல என்றும் ஒளிக்காமல் சொன்னார். கணவன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றுக்கும் சரி என்றார். சகோதரி முகத்துத் துணியை எடுத்துவிட்டாள். கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்து மடித்துக்கொண்டிருந்தாள். பிறகு எழும்பிப் போய், வெளியே ஒருவரிடம் கொடுத்து வைத்திருந்த குழந்தையைத் தூக்கிவந்து, சுபைதாவின் மடியில் வைத்தாள்.

குழந்தைக்கு அப்போது எட்டு மாதம் முடிந்திருந்தது. மடியில் வைத்ததும் தாயின் முகத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது. பிறகு வீரிட்டு அழுதது. சகோதரியின் பக்கம் இரண்டு கைகளையும் நீட்டி, முதுகை வில்லாக வளைத்து, விழுந்துவிடப் பார்த்தது. ஆள் தெரியவில்லை. மூன்று மாதம் அந்த வயதில் பெரிய காலம். சகோதரிக்குப் பொறுக்கவில்லை, கை தானாக முன்னுக்குப் போனது. நோயாளி களைத்துப் போவாள் என்று நானும் ஓரடி முன்னே வைத்தேன்.

சுபைதா குழந்தையின் இடுப்பை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். இறுக்கவில்லை, விடவும் இல்லை.

"எடுக்காதீங்க மதினி," என்றாள். "அழட்டும். அது அழுது முடியும் வரைக்கும் எனக்கு மூச்சு ஈக்கி."